உப்பில்லாத செவ்வாய்க்கிழமைகள்

வயிற்றில் பை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ஆண்கள் படிக்கலாமா என்று மட்டும் வெகுநாள் யோசித்தேன். காரணம் பின்னால் வரும்.

எனக்கு எழுபத்தொரு வயது. மலையாளம் பேசும் ஊரில், ஆரியசாலையில் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் அங்கே பருப்பு மொத்த வியாபாரம் செய்தவர். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் மகன் செந்தில், மருமகள் சிந்து, நான், மூன்று பேர்தான். அவன் ஒரு ஆபீசில் கிளார்க். அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். பகலில் நான் தனி.

வெளிக்குப் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்து ஐந்து மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மூலமாக இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டு தினமும் கருணைக்கிழங்கு சமைத்தேன். அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"அத்தை, திங்கள்கிழமை கருணை மசியல், செவ்வாய்க்கிழமை கருணைப் புளிக்கறி, இன்னைக்கு கருணை வறுவல். சாலைக் கம்போளச் சந்தைல வேற காயே வரலியா?" என்று சிந்து கேட்டாள். நான் வறுவலைக் கிளறினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னார்கள். உப்புக் கரிக்கும், கூடவே ஒரு வழவழப்பு. இந்தத் தண்ணீரைக் குடல் உறிஞ்சாது, வயிற்றைக் கழுவிக்கொண்டு அப்படியே வெளியே போகும் என்று விளக்கினார்கள். அப்படியே போயிற்று. குடித்த தண்ணீரைக் குடல் உறிஞ்சுகிறது என்பதையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். தண்ணீர் வயிற்றுக்குள் போனால் மூத்திரமாக வரும், நடுவில் என்ன நடக்கிறது என்று எழுபது வருடம் நினைத்தே பார்த்ததில்லை.

கேமரா பார்த்த பிறகு வெளியே நீல நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். எதிரே இருந்த கதவு திறக்கும்போதெல்லாம் என் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று எழுந்து நிற்பேன். செந்தில் "இரும்மா" என்பான். அவனுடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும் முன் அப்படித்தான் ஆட்டுவான்.

மலக்குடலில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், கெட்ட கட்டி என்றே வந்தது. வேறு எங்கும் பரவவில்லை. டாக்டர் ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார். கட்டி இருக்கும் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அதன்மேல் மலம் போகக்கூடாது. அதனால் சிறுகுடலை வலது பக்க வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே எடுத்து, அதன்மேல் பை ஒட்டிவிடுவார்கள்.

"மூணு மாசம் மதி அம்மே. அது கழிஞ்சு திரும்ப உள்ள வெச்சுத் தைக்கலாம். பேடிக்கண்டா" என்றார் டாக்டர். மூன்று மாதம் போதும், பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். மலையாளியானாலும் எனக்காகத் தமிழ் கலந்து பேசுவார். நல்ல மனிதர். ஆனாலும் ஆண்பிள்ளை. பையில் என்ன வரும், அதை எப்படி வடிப்பது என்று அவரிடம் என்னால் கேட்க முடியவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் ஷீபா என்ற நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டு, "அம்மே, இனி நம்ம ரெண்டு பேரும் இவரைப் பரிச்சயப்படணும்" என்று சொல்லி என் சேலையை விலக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் திறக்கும்வரை காத்திருந்தாள். உள்ளங்கன்னத்தைப் போலச் சிவப்பாக, ஈரமாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. தொட்டால் வலிக்கவில்லை. தானாகச் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. என்னுடைய குடல்தான், ஆனால் அதற்குத் தனியாக உயிர் இருப்பதுபோல் இருந்தது. பைக்குள் பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீராக விழுந்தது.

"இவ்வளவு தண்ணியாவா இருக்கும்?" என்று கேட்டேன். அதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

ஷீபா சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். நாம் ஒரு நாளைக்குக் குடிப்பது இரண்டு லிட்டர் என்றால், எச்சில், இரைப்பை நீர், பித்தம் என்று நம் உடம்பே ஏழு லிட்டர் போல உள்ளே சுரக்கிறது. அத்தனையும் உப்புத் தண்ணீர். சிறுகுடல் அதில் பெரும்பங்கை உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மிச்சத்தைப் பெருங்குடல் பிழிந்து எடுத்துவிடும். கடைசியில் வெளியே போவது அரை டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. எனக்கு இப்போது பெருங்குடல் வேலையில் இல்லை. அது பிழிய வேண்டிய தண்ணீரும் உப்பும் நேராகப் பைக்கு வந்துவிடுகிறது.

"அதுகொண்டு அம்மாவுக்கு உப்பு வேணும். நல்லோணம், நிறைய வேணும்" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு இருபது வருடம் பிளட் பிரஷர். எங்கள் வீட்டில் உப்பு ஜாடி மேல் தட்டில்தான் இருக்கும். அப்பளம், ஊறுகாய் கிடையாது. அவர் போன பிறகும் அந்தக் கைப்பழக்கம் மாறவில்லை. இங்கே வந்தால் உப்பைத் தின்னு என்கிறார்கள்.

வெறும் தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்றாள் ஷீபா. இது இன்னும் விசித்திரம். அவள் சொன்ன காரணம் இது. உப்பில்லாத தண்ணீர் சிறுகுடலுக்குள் போனால் குடல் அதை ரத்தத்துக்குச் சமமான உப்புத் தண்ணீராக்கப் பார்க்கும். அதற்கு உடம்பிலிருந்தே உப்பை எடுத்து அதில் விடும். பிறகு தண்ணீரும் உப்பும் சேர்ந்து பைக்கு வந்து விழும். குடிக்கக் குடிக்க உடம்பு காயும். உப்போடு கொஞ்சம் சர்க்கரையோ கஞ்சியோ சேர்ந்து போனால்தான் குடல் சுவர் இரண்டையும் உள்ளே இழுக்கும், தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும். ஓ.ஆர்.எஸ் பொடியில் இருப்பது அதுதான். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லது.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். செந்தில் அளவு போட்ட பிளாஸ்டிக் ஜாடி இரண்டு வாங்கி வந்தான். ஒன்று குடிப்பதற்கு, ஒன்று பையிலிருந்து வடிப்பதை அளப்பதற்கு. ஒரு நோட்டில் கோடு போட்டு, உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு என்று எழுத வேண்டும். பை விலையைக் கேட்டு நான் ஒரு பையை ஆறு நாள் ஒட்டிவைத்திருக்கப் பார்த்தேன். சிந்து அதட்டி மாற்றவைத்தாள். முதல் இரண்டு வாரம் பையை அவள்தான் வடித்தாள். ஒருநாள்கூட முகத்தைச் சுளிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குடல் வாய் சத்தம் போடும். எப்போது போடும் என்று தெரியாது. அதை அடக்க நம்மால் முடியாது. யாராவது பார்க்க வந்திருக்கும்போது அது ஆரம்பித்தால் சிந்து அடுக்களைக்குள் ஓடிப்போய் மிக்ஸியை ஓட விடுவாள். வந்தவர்கள் போகும்வரை எங்கள் வீட்டில் சட்னி அரைபட்டுக்கொண்டே இருக்கும்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் செவ்வாய் நோன்பு உண்டு. பொம்பளைகள் மட்டும் கூடிச் செய்வது. பச்சரிசி மாவில் உப்புப் போடாமல் கொழுக்கட்டை பிடிப்போம். ஆண்கள் அதைப் பார்க்கக்கூடாது, தின்னக்கூடாது, அதன் கதையைக் கேட்கவும் கூடாது. கைக்குழந்தையானாலும் ஆண்குழந்தை என்றால் அந்த இடத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம். ஆணுக்குத் தெரிந்தால் நோன்பு பலிக்காது. இதோடு சேர்த்து, பெரிய கஷ்டம் வந்தால், அது தீரும்வரை செவ்வாய்க்கிழமை உப்பை விடுகிறேன் என்று நேர்ந்துகொள்வதும் உண்டு. செந்திலுக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்து பேச்சு நின்றபோது நான் அப்படி நேர்ந்துகொண்டேன். அவன் பிழைத்தான்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மறுபடியும் நேர்ந்துகொண்டேன். பை என் வயிற்றை விட்டுப் போகும்வரை செவ்வாய்க்கிழமை உப்புத் தொடுவதில்லை என்று. பைக்கு உப்பு வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு மாற்றிக்கொள்ளப் பயம். டாக்டரிடம் சொல்ல முடியாது, ஆண். செந்திலிடமும் சொல்ல முடியாது. சிந்துவிடம் சொல்லலாம், ஆனால் அவள் வாயில் ஒன்றும் நிற்காது. ராத்திரிக்குள் செந்திலுக்குப் போய்விடும்.

ஆகவே நானே பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் சிந்து ஆரஞ்சு வாசனையுள்ள ஓ.ஆர்.எஸ்ஸை ஒரு லிட்டர் பாட்டிலில் கலக்கி வைத்துவிட்டுப் போவாள். அவர்கள் படியிறங்கியதும் அதைக் குளிமுறியில் ஊற்றிவிடுவேன். பகல் முழுதும் பட்டினி. சாயங்காலம் அவர்கள் வருவதற்குள் உப்பில்லாத கொழுக்கட்டை இரண்டு. பட்டினியில் தாகம் எடுக்கும், அதற்குச் சீரகத் தண்ணீர். சாதாரண நாளில் ஒரு லிட்டர் குடிப்பவள் அன்றைக்கு மூன்று லிட்டர் குடித்தேன். பை நிரம்பிக்கொண்டே இருந்தது. சிந்து வந்து காலிப் பாட்டிலைப் பார்த்து நோட்டில் ஒரு லிட்டர் என்று எழுதுவாள். அதை நான் திருத்தவில்லை.

முதல் இரண்டு செவ்வாய் தலைசுற்றலோடு போயிற்று. மூன்றாவது செவ்வாய்க்கு மறுநாள் விடியற்காலையில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எழுந்தேன், சுவர் சாய்ந்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன், கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

ரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டது என்றார்கள். உப்பில் இருப்பதுதான் சோடியம். கிரியாட்டினின் என்று இன்னொன்று, அது கூடிவிட்டது. அது உடம்பின் கழிவு, சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டியது. கூடினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். நான்கு நாள் டிரிப் ஏற்றி அனுப்பினார்கள்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு யோசனை. போன செவ்வாய் சாயங்காலம் தேங்காய்ச் சட்னி கிண்ணத்தைக் கழுவும்போது விரலை வாயில் வைத்தேனே, அதில் உப்பு இருந்திருக்குமே, நோன்பு முறிந்ததால்தான் விழுந்தேன் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் இன்னும் கடுமையாக இருந்தேன். கொழுக்கட்டையும் இல்லை. புதன்கிழமை மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை ஒரு பகல் முழுதும் மூத்திரமே வரவில்லை.

ஐந்து நாள் டிரிப்பில் கிடந்தேன். ஆறாம் நாள் திங்கள்கிழமை. டாக்டர் நோட்டையும் சோதனைத் தாள்களையும் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார். செந்தில் எதிரே.

"நோட்டுல எல்லாம் சரியாட்டு இருக்கு. உப்பு குடிக்கிறாங்க, மருந்து எடுக்கிறாங்க. பட்சே மூத்திரத்துல உப்பு கொஞ்சம்கூட இல்ல. உள்ள போகிற உப்பு எங்க போகுது?" என்றார்.

"அப்ப குடல்லதான் ஏதாவது கோளாறா சார்?" என்று செந்தில் கேட்டான்.

"அப்படித்தான் நினைக்கணும். நாளைக்கு டிரிப் நிறுத்தறேன். வாய் வழியா மட்டும். அதுலயும் உப்பு இறங்கிச்சுன்னா காத்திருக்க முடியாது. கிட்னி போயிடும். மூணு மாசத்துக்கு முன்னாலேயே திறந்து பையை எடுத்துச் சேர்க்க வேண்டி வரும்."

"கீழே தையல் ஆறியிருக்குமா சார்?"

டாக்டர் தாளைப் புரட்டினார். "ஆறு வாரம்தான் ஆகுது. ஆறலைன்னா கசியும். கசிஞ்சா ஆபத்து. அதான் யோசிக்கிறேன்."

செந்தில் தலையை ஆட்டினான். அவர் போன பிறகு என் காலைப் போர்வையால் மூடினான். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. மறுபடியும் எடுத்து மூடினான்.

அன்று எனக்குத் தூக்கம் இல்லை. சொல்லிவிட்டால் நேர்ந்தது பாழ். கட்டி திரும்ப வந்தால்? செந்திலுக்கு ஏதாவது ஆனால்? சொல்லாவிட்டால் ஆறாத தையலோடு என்னை அறுப்பார்கள். இரண்டு பக்கமும் பயம். விடிந்தால் செவ்வாய். பழக்கம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் போனேன்.

காலையில் ஷீபா ஆரஞ்சு ஓ.ஆர்.எஸ் பாட்டிலைக் கட்டில் மேசையில் வைத்தாள். சிந்து கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். ஊற்றுவதற்கு இடம் இல்லை. கழிவறைக்கு நடந்துபோகத் தெம்பும் இல்லை. கட்டிலுக்குக் கீழே பையிலிருந்து வடித்து அளக்கும் ஜாடி இருந்தது. குனிந்து அதில் ஊற்றினேன். அரை லிட்டருக்கு மேல் ஊற்றியிருப்பேன்.

சற்று நேரத்தில் ஷீபா அளவெடுக்க வந்தாள். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஐயோ, இவ்வளவா? காலையிலேயேவா?" என்று மூக்குப் பக்கம் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"அம்மே, இது என்ன, பையிலிருந்து ஆரஞ்சு மணம் வருது?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் திரையை இழுத்து மூடினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். நர்ஸுகள் கட்டிலில் உட்கார மாட்டார்கள்.

"ருசி பிடிக்கலையா?"

அது இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வாந்தி வருதா? இல்ல, சாகணும்னு நினைப்பா?"

"ஐயோ, இல்லம்மா" என்று எழுந்தே விட்டேன். "வெளியே ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

அவள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் இல்ல. பல்லிகூட இல்ல. பறயு அம்மே, சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். செந்திலின் டைபாய்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "எங்க வீட்டுலயும் நோம்பு உண்டு. அம்பது நாள் மீன் தொட மாட்டேன். எனக்கு மனசிலாகும்" என்றாள். பிறகு என் புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. "பாத்தீங்களா? இது திரும்பிப் போகலை. உள்ள வெள்ளம், தண்ணி இல்ல. கிட்னி இதுபோல ஆயிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"டாக்டர்கிட்ட சொல்லிடாதேம்மா. பலிக்காது."

"டாக்டர் அறியாம முடியாது அம்மே. நாளைக்கு வயிறைத் திறந்திடுவார்." குரலைத் தணித்தாள். "உப்பு எடுக்கலைன்னு மட்டும் நான் சொல்லட்டே? எதுக்குன்னு சொல்ல மாட்டேன்."

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். ஷீபா தாளை நீட்டினாள். "சார், இவங்க எல்லாச் செவ்வாய்க்கிழமையும் உப்பும் ஓ.ஆர்.எஸ்ஸும் எடுக்கலை. வெறும் வெள்ளம் மட்டும். நோட்டுல உள்ளது சரியில்ல. இன்னைக்கு ஜாடியில உள்ளதும் சரியில்ல."

டாக்டர் என்னையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். "எதுக்கு?"

"அது பெண்ணுங்களோட காரியம் சார்."

டாக்டர் தாளை மடித்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குடல் கோளாறு இல்லைன்னா அதுவே சந்தோஷம். வயிறைத் திறக்க வேண்டாம். ரெண்டு நாள் சரியாட்டு உப்பு கொடுத்துப் பார்ப்போம்" என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சிந்து மருந்தோடு வந்தபோது ஷீபா அவளை ஓரமாக அழைத்துச் சொல்லிவிட்டாள். சிந்து வந்து என் முன்னால் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"நான் உங்க மானத்தைக் காப்பாத்த மிக்ஸியை ஓட்டி ஓட்டி அதோட மோட்டாரே போச்சு. என்கிட்ட சொல்லக்கூடாதா அத்தை?"

"நீ செந்தில்கிட்ட சொல்லிடுவியே."

"சொல்லியிருப்பேன்தான்" என்றாள். அதில் பொய் இல்லை. பிறகு கேன்டீனிலிருந்து கஞ்சித் தண்ணீர் வாங்கி வந்து, காகிதப் பொட்டலத்திலிருந்த உப்பைப் போட்டு ஆற்றினாள். "செவ்வாய்க்கிழமைதான். தெரியும். சாமிக்குக் கோவம் வந்தா என்மேல வரட்டும். நான் கொடுத்தேன், நீங்க குடிச்சீங்க. வாயைத் திறங்க."

குடித்தேன். ஒரு மாதமாக என் உடம்பு அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். டம்ளரை வைக்க மனம் வரவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கினேன். சாயங்காலம் மூத்திரம் நன்றாகப் போயிற்று. வியாழக்கிழமை கிரியாட்டினின் இறங்கியது, சனிக்கிழமை வீட்டுக்கு வந்தோம்.

நேர்ந்ததை முறித்த பயம் எனக்கு இன்றுவரை போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப்போல உப்பை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், பகலில் தனியாக வீட்டில் கிடக்கிற இன்னொருத்தி இருப்பாள். அவளுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்றால் அச்சில் வர வேண்டும், அச்சில் வந்தால் ஆண்களும் படிப்பார்கள். படிக்கட்டும். பையோடு இருக்கும் நாளில் உப்பு விடாதீர்கள். நேர்ந்துகொள்வதென்றால் இனிப்பை விடுங்கள், காபியை விடுங்கள். விடுவதற்கு முன் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கால் இழுத்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, குடிக்கக் குடிக்கத் தாகம் கூடினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று மாதம் கழிந்து, சாயம் விட்டுப் படமெடுத்துக் கீழ்த் தையல் ஆறிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். வயிற்றில் பை இல்லை. தடவிப் பார்த்தேன், கட்டுத் துணிதான் இருந்தது. இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. மூன்று மாதம் சும்மா கிடந்த பெருங்குடல் விழிக்க வேண்டும். அது விழித்ததற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. காற்றுப் பிரியும்வரை வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். தினமும் காலையில் டாக்டர் ஆறேழு மாணவர்களோடு வந்து நின்று, வார்டு முழுக்கக் கேட்க, "அம்மே, கேஸ் போயோ?" என்று கேட்பார். நான் போர்வையைப் பார்த்தபடி இல்லை என்று தலையாட்டுவேன்.

முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி வந்தது. மூக்கில் குழாய் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து வந்த பாக்கியம் என்பவள், பித்தப்பைக் கல்லுக்காகப் படுத்திருந்தாள். "அக்கா, எனக்கு ரெண்டாம் நாளே போச்சு, நைட்டு டூட்டி டாக்டரு எதிர்ல! நீங்க வெக்கப்பட்டு அடக்கி வைக்கிறீங்க" என்பாள். அடக்கவில்லை. வந்தால்தானே அடக்குவதற்கு.

நான்காம் நாளும் இல்லை. வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, "நாளைக்கும் இல்லைன்னா படம் எடுக்கணும்" என்றார் டாக்டர். அடைத்துக்கொண்டிருந்தால் மறுபடியும் திறக்க வேண்டும். மறுபடியும் பை வரலாம். செந்தில் வெளியே போய் நின்றுகொண்டான். கண்ணாடிக் கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை. சிந்து என்னை மெல்ல எழுப்பி வராந்தாவில் நாலு எட்டு நடக்க வைத்துக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். செந்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அடிவயிற்றில் ஏதோ புரண்டது. இடது பக்கமாக இறங்கியது. நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்தேன்.

போயிற்று. சின்னதாக இல்லை.

செந்தில் பேப்பரை இறக்கினான். சிந்து கையிலிருந்த டம்ளரோடு நின்றாள். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். பாக்கியம் போர்வைக்குள்ளிருந்து, "அக்காவா, இடியா?" என்றாள். செந்திலுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தான். நாற்பத்தாறு வயதுப் பிள்ளை.

கதவு திறந்தது. டாக்டர், அவர் பின்னால் மாணவர்கள், ஷீபா தாளோடு. அவர் என் கட்டிலுக்கு வர இன்னும் இரண்டு கட்டில் இருந்தது. எழுபத்தொரு வருடத்தில் ஓர் ஆண்பிள்ளையிடம் நான் முந்திக்கொண்டு பேசியது கிடையாது. மூக்கில் குழாய் இருந்ததால் குரல் எப்படி வருமோ என்று பயந்தேன். நன்றாகவே வந்தது.

"டாக்டர்! போயிடுச்சு!"